கோத்தகிரி வழியாகப் போன ஊட்டி ரயில்

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு வயது 61, ஊர் கரூர். கூட்டுறவு வங்கி ஒன்றில் 38 ஆண்டுகள் கணக்குப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். எதையும் எழுதி வைத்துச் செய்வது என் பழக்கம். போன நவம்பரில் குடும்பத்தோடு, பேத்தியையும் சேர்த்து ஏழு பேர், ஊட்டி போனோம். மலை ரயிலில் ஏற வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. முன்கூட்டியே டிக்கெட் எடுத்து, முந்தின நாளே மேட்டுப்பாளையம் வந்து தங்கினோம். காலையில் ஸ்டேஷனுக்குப் போனால், பாதையில் மண் சரிந்துவிட்டது, ரயில் ரத்து என்றார்கள். கவுண்டரில் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். அதற்குள் மாப்பிள்ளை வேன் பிடித்துவிட்டார். கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தோம். மூன்று நாளும் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஆனால் வீட்டில் இன்றைக்கும் அந்தக் கோத்தகிரிப் பாதையைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறார்கள்.

இப்போது மகன் விஷயம். பி.இ. மெக்கானிக்கல் முடித்தான். ஐ.டி. கம்பெனியில் ஆர்டர் கிடைத்தது. சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள், 14 மாதம். வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று அரவக்குறிச்சியில் முருங்கை விவசாயம் பார்க்கும் அவன் மாமா வீட்டுக்கு நான்தான் அனுப்பினேன். அங்கே முருங்கை இலை உலர்த்தும் யந்திரத்தைப் பிரித்துப் போட்டு ஏதோ மாற்றியிருக்கிறான். இப்போது கம்பெனி கூப்பிடுகிறது, போக மாட்டேன் என்கிறான். கல்விக் கடன் பாக்கி இருக்கிறது. 'இதுவும் கோத்தகிரி மாதிரிதான், ஏற்றுக்கொள்ளுங்கள்' என்கிறாள் என் மனைவி. எல்லோரும் ஏற்றுக்கொள் என்கிறார்கள், எப்படி என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் 21 வயதில் பி.எட். சீட் கிடைத்தது, அந்த மாதமே அப்பா இறந்ததால் கருணை அடிப்படையில் அவர் பார்த்த வங்கியிலேயே வேலை கொடுத்தார்கள், சேர்ந்துவிட்டேன். அது வேறு கதை. திட்டம் போட்டு வாழ்வது தப்பா?

- பெயர் வேண்டாம், கரூர்

பதில்:

ஐயா, வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பில்லை. கோத்தகிரிப் பாதையில் உங்கள் வீட்டார் சிரித்துக்கொண்டு போனதற்கே நீங்கள் போட்ட திட்டம்தான் காரணம். நவம்பர் குளிருக்கு ஸ்வெட்டர் பெட்டியில் இருந்தது. ஊட்டியில் ரூம் பதிவாகியிருந்தது. வேனுக்குக் கொடுக்கக் கையில் பணம் இருந்தது. இதெல்லாம் யார் செய்த ஏற்பாடு? ஏழு பேர், அதில் ஒரு குழந்தை, ராத்திரி தங்க இடமில்லாமல் மழையில் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தால் அந்தச் சுற்றுவழியைப் பற்றி இன்றைக்கு யாரும் ஆசையாகப் பேச மாட்டார்கள். உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கவுண்டர் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் திரும்ப வரும். இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு நாம் கேட்காமலே கணக்குக்கு வந்துவிடும். வங்கியில் இருந்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. அந்த ஒரு மணி நேரம் நீங்கள் பணத்துக்காக நிற்கவில்லை. ரயில் இல்லை என்பதை மனசு ஒத்துக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரம் அது. சிலருக்கு ஒரு மணி நேரம் போதும், சிலருக்கு மூன்று நாள் ஆகும். உங்களுக்கு இரண்டும் ஆகியிருக்கிறது, பரவாயில்லை. ஆனால் கவுண்டரில் இருந்தவர் பாவம், மண்ணை அவர் சரிக்கவில்லை.

'சுற்றிப் போய்ச் சேர்ந்தோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். அதன் பிறகு, 1820களின் தொடக்கத்தில், சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ள திம்பட்டிக்கு ஒரு பாதை வெட்டினார்கள். சமவெளியிலிருந்து மலைக்கு ஆங்கிலேயர் போட்ட முதல் பாதை அதுதான். அவர் பெயரில் உள்ள பங்களா கன்னேரிமுக்கில் இன்றும் நினைவகமாக நிற்கிறது. கோத்தர்களும் படகர்களும் நடந்த தடங்கள் இதற்கெல்லாம் முந்தியவை. குன்னூர்ப் பாதை பிறகுதான் வந்தது. ரயில் குன்னூரை எட்டியது 1899இல், ஊட்டியை எட்டியது 1908இல். ஆக, உங்கள் ரயிலுக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே மலைக்குப் போனவர்கள் உங்கள் வேன் போன பக்கமாகத்தான் ஏறினார்கள். எது நேர்வழி, எது சுற்றுவழி என்பது நாம் எந்த வருஷத்தில் நின்று பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது.

இதைச் சொன்னதும் உங்கள் மனம் சமாதானமாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கே ஆகாது. 'ஏற்றுக்கொள்' என்ற சொல்லை என் ஆலோசனை அறையில் நான் கூடியவரை பயன்படுத்துவதில்லை. சொல்பவருக்குச் சுலபம், கேட்பவருக்கு வாயை மூடு என்பது போலக் கேட்கும்.

என் வீட்டுக் கதை ஒன்று. என் அம்மா சிறுமியாக இருந்தபோது அவருடைய அப்பாவோடு ரயிலில் ராமேஸ்வரம் போயிருக்கிறார். ஜன்னலுக்குக் கீழே தண்டவாளம் தெரியவில்லை, கடல்தான் தெரிந்தது என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பார். இன்னொரு முறை கூட்டிக்கொண்டு போ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2023 பொங்கலுக்கு அடுத்த வாரம் போவதற்கு டிக்கெட் எடுத்தேன். டிசம்பர் கடைசியில், 1914இல் திறந்த அந்தப் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். தீவுக்குள் ரயில் போகாது என்றானது. சரி, ராமநாதபுரத்தில் இறங்கினோம். உத்தரகோசமங்கை போனோம். மரகத நடராஜர் மேல் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பு இருக்கும், ஆருத்ரா தரிசனத்தின்போது மட்டும்தான் களைவார்கள். நாங்கள் போனபோது ஆருத்ரா முடிந்து இரண்டு வாரம். 'இதுவும் தப்பிப்போச்சு' என்று அம்மா சிரித்தார். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவகிரகங்களைப் பார்த்தோம். மறுநாள் பஸ்ஸில் பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்தபோது, பக்கத்தில் ரயில் பாலம் வெறுமையாகக் கிடந்தது. அம்மா அந்தப் பக்கத்து ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை.

நல்ல பயணம் அது. எங்கள் இருவருக்கும் கடைசிப் பயணமும் அதுவே. அம்மா 2024இல் போய்விட்டார். புதிய பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 2025 ஏப்ரலில், ராமநவமி அன்று. ராமநாதபுரம் எவ்வளவு அழகாக இருந்தது என்று யாராவது கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வேன். ஆனால் அது கடல் மேல் போகும் ரயிலுக்கு ஈடாகிவிட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஆகவில்லை.

வழி மாறினால் அதில் ஒரு நன்மை ஒளிந்திருக்கும் என்று சொல்லும் கூட்டம் பெருகிவிட்டது. சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இராது. இழந்ததை இழந்தது என்று சொன்ன பிறகுதான், கிடைத்ததைக் கிடைத்தது என்று சொல்ல வாய் வரும். உங்கள் வீட்டில் முதல் பாதியைச் சொல்ல யாரும் விடவில்லை. நீங்கள் உம்மென்று இருந்த மூன்று நாளும், பல வருட ஆசை போயிற்றே என்று யாராவது உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லியிருந்தால் நீங்களும் கோத்தகிரி டீக்கடையில் வர்க்கி சாப்பிட்டுக்கொண்டு காட்டுமாடு தெரிகிறதா என்று தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

இன்னொன்று: என் அம்மாவின் ரயில் போயே போய்விட்டது. உங்கள் ரயில் தள்ளித்தான் போயிருக்கிறது. கோபத்தில் இருக்கும்போது இரண்டும் ஒன்று போலத் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை செங்குத்தான மலை, பல்சக்கரம் வைத்துத்தான் ரயில் ஏறுகிறது. அந்த மாதங்களில் மண் சரிந்து ரயில் நிற்பது ஏறக்குறைய வருஷா வருஷம் நடப்பது. பிப்ரவரியில் போங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடிதத்தோடு உங்கள் ஊட்டித் திட்டத்தின் ஜெராக்ஸையும் அனுப்பியிருந்தீர்கள். ரசித்துப் படித்தேன். 'மாலை 4.10 முதல் 4.25 வரை டீ' என்று இருக்கிறது. ஏழு பேர், ஒரு குழந்தை, 15 நிமிஷத்தில் டீ! மூன்று நாளில் காலியாக ஒரு அரை மணி நேரம்கூட நான் பார்க்கவில்லை.

மனிதர்கள் எல்லோருக்கும் உள்ள கோளாறு இது. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் 'திட்டமிடல் பிழை' என்கிறோம். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாம் கெட்டுப்போனால் என்று யோசிக்கும்போதுகூட, நமக்குத் தெரிந்த கெடுதல்களைத்தான் கணக்கில் சேர்க்கிறோம்.

வங்கியில் பட்ஜெட் போடும்போது 'எதிர்பாராச் செலவு' என்று ஒரு தலைப்பு வைப்பீர்கள் அல்லவா? எதற்கு என்று தெரிந்தா வைக்கிறீர்கள்? தெரிந்தால் அதற்கு வேறு தலைப்பு இருக்கும். நேரத்துக்கும் அப்படி ஒரு தலைப்பு வையுங்கள். அடுத்த பயணத்தில் ஒரு முழு மதியத்தை எழுதாமல் விடுங்கள். அதில் என்ன செய்வது என்று பேத்தியைக் கேளுங்கள், அல்லது வேன் டிரைவரைக் கேளுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் தூங்குங்கள். அந்த மதியம் வீணாகிவிட்டதே என்று கை அரிக்கும். அரிக்கட்டும், இரண்டு பயணத்தில் சரியாகிவிடும். என்னிடம் வரும் உங்களைப் போன்றவர்களுக்கு (நிறையப் பேர் இருக்கிறீர்கள், தணிக்கையாளர்கள், தலைமை ஆசிரியைகள், கல்யாண வீட்டுப் பெரியவர்கள்) மருந்து மாத்திரைபோல நான் கொடுப்பது இந்த ஒரு காலி மதியம்தான்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மனைவி சொன்ன உவமை பாதி சரி. கோத்தகிரி வழியாகப் போனாலும் நீங்கள் போய்ச் சேர்ந்தது ஊட்டிக்குத்தான், அங்கே ரூம் காத்திருந்தது. வண்டிதான் மாறியது. மகன் விஷயத்தில் வண்டி மாறியிருக்கிறதா, ஊரே மாறியிருக்கிறதா? உங்களுக்கு அந்த வேலை என்றால் மாதச் சம்பளம், கடன் அடைவது, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் சொல்லிக்கொள்ள ஒரு பதில். இந்த மூன்றும் அரவக்குறிச்சி வழியாகவும் கிடைக்குமா என்பதுதான் உங்கள் கவலை. நியாயமான கவலை. கனவு, ஆர்வம் என்று பேசி இதை யாரும் தள்ளிவிட முடியாது.

ஸ்டான்ஃபோர்டில் ஜான் கிரம்போல்ட்ஸ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். யாருக்கு எந்த வேலை என்று வழிகாட்டும் துறையில் பெரிய பெயர். அவரே அந்தத் துறைக்கு வந்த கதை வேடிக்கையானது. கல்லூரியில் எந்தப் பாடம் முதன்மை என்று எழுதிக் கொடுக்கக் கடைசி நாள் வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த ஒரே ஆசிரியர் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் போய்க் கேட்டார். அந்த டென்னிஸ் பயிற்சியாளர் கல்லூரியில் நடத்திய பாடம் உளவியல். அவ்வளவுதான், அதுவே வாழ்க்கையாகிவிட்டது. பின்னால், 1999இல், அவரும் உடன் இருந்தவர்களும் எழுதிய கட்டுரையில், தற்செயலாக வருவதைப் பயன்படுத்திக்கொள்ளவே ஆட்களைத் தயார்செய்ய வேண்டும் என்றார்கள். ஆர்வம், விடாமுயற்சி, வளைந்து கொடுப்பது, நம்பிக்கை, துணிந்து இறங்குவது என ஐந்தைச் சொன்னார்கள்.

நான் முப்பதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளிடம் பார்ப்பது முதல் இரண்டை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கண்ணில் பட்டதும் அதுதான்: 'யந்திரத்தைப் பிரித்துப் போட்டு ஏதோ மாற்றியிருக்கிறான்'. 14 மாதம் சேரும் தேதிக்காகக் காத்திருந்த பிள்ளைகள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். போனைப் பார்த்துக்கொண்டு கட்டிலிலேயே கிடந்தவர்கள் உண்டு. உங்கள் பையன் மாமா வீட்டுக்குப் போய்ப் படித்த மெக்கானிக்கலை வேலைக்கு இழுத்திருக்கிறான். அது வழி தவறியவன் செய்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்காக நான் அவன் பக்கம் என்று நினைக்க வேண்டாம். அவனிடம் கேட்க வேண்டியவை உண்டு. கல்விக் கடனைப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தொட வேண்டாம் என்பது வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் முறை. உங்கள் கணக்கில் அந்த ஓராண்டு தாண்டிவிட்டது. இப்போது தவணையை யார் கட்டுகிறார்கள்? நீங்கள் கட்டினால், எதுவரை? முருங்கைக்காய் சில மாதம் தங்க விலை விற்கும், வரத்து கூடினால் பறிகூலிக்கே கட்டாது என்று மரத்திலேயே விடுவார்கள். இதை உங்கள் மைத்துனரைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? காயில் இல்லாமல் இலைப்பொடியில் இறங்குவதால் அந்த ஆட்டம் எவ்வளவு குறையும், வாங்குகிறவர் ஒருவரா பத்துப் பேரா, மாமாவின் நிலத்தில் இவனுக்கு என்ன பங்கு, எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு உங்கள் மனைவிக்குக் கோபம் வரும், அவர் தம்பி அல்லவா. ஆனாலும் கேளுங்கள். சொந்தத்துக்குள் எழுதாமல் விட்ட கணக்கால் முறிந்த உறவுகளை வாரா வாரம் பார்க்கிறேன்.

பதில்களை வைத்துக்கொண்டு ஒரு தேதி குறியுங்கள். ஒரு முழுப் பருவம், அதாவது மழையும் வெயிலும் ஒரு சுற்று. அந்தத் தேதியில் நோட்டைத் திறந்து இருவரும் உட்காருங்கள். அதுவரை 'கம்பெனி' என்ற சொல் வீட்டில் வேண்டாம். அந்தத் தேதிக்குப் பிறகு, கணக்கு உதைத்தால், அவனே வேறு வேலை தேட வேண்டும், அதை முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். திறந்த மாட்டுத் தொழுவம்போல விட்டுவிடுவதைச் சுதந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி, 'அது வேறு கதை' என்று நீங்கள் தாண்டிப் போன இரண்டு வரி.

அது வேறு கதை இல்லை ஐயா. 21 வயதில் ஆசிரியராகப் போகிறவர், ஒரே மாதத்தில் அப்பாவையும் இழந்து, அப்பாவின் வேலையில், ஒருவேளை அப்பா உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். உங்கள் வழியை நீங்கள் மாற்றவில்லை, மாற்றப்பட்டது. அதற்குப் பிறகு எதையும் எழுதி வைக்காமல் செய்வதில்லை என்று ஆனதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஒரு காகிதத்தில் நேரம் போட்டு எழுதிவிட்டால் யாரும் திடீரென்று சாக மாட்டார்கள் என்று மனசு நம்பிக்கொள்கிறது. மேட்டுப்பாளையத்தில் ரயில் இல்லை என்றதும் உங்களுக்கு வந்த கோபத்தில் எவ்வளவு 40 வருஷத்துக்கு முந்தியது என்று நான் இங்கிருந்து அளக்க முடியாது. கொஞ்சமாவது இருக்கும்.

ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு நடந்தது கட்டாயம். உங்கள் மகனுக்குக் கம்பெனியின் கதவும் திறந்திருக்கிறது, அரவக்குறிச்சியும் இருக்கிறது. அவன் நின்று பார்த்து ஒன்றை எடுக்கிறான். அப்படி நின்று பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவனுக்குக் கிடைத்திருக்கிறது என்றால், 38 வருஷம் நீங்கள் அந்த நாற்காலியில் இருந்ததால்தான். பி.எட். சீட் கிடைத்த கதை அவனுக்குத் தெரியுமா? கடிதத்தில் எனக்கு இரண்டு வரியில் எழுதியதைப் பார்த்தால், அவனிடம் அரை வரிகூடச் சொன்னதில்லை என்று தோன்றுகிறது. சொல்லுங்கள். பார்த்தாயா நான் எவ்வளவு தியாகம் செய்தேன் என்ற தொனி வராமல் சொல்வது கஷ்டம். வேனிலோ பஸ்ஸிலோ பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது சொன்னால் அந்தத் தொனி கொஞ்சம் குறையும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அரவக்குறிச்சிக்குப் போய்வாருங்கள். கரூரிலிருந்து பக்கம்தானே. முதல் தடவை கடனைப் பற்றியோ கம்பெனியைப் பற்றியோ கேட்க வேண்டாம், அதற்கெல்லாம் இரண்டாம் தடவை இருக்கிறது. காலையிலேயே போனால் இலை உருவுவதிலிருந்து பார்க்கலாம். அவன் மாற்றிய யந்திரத்தின் முன்னால் நின்று, பச்சை இலை எத்தனை கிலோ போட்டால் ஒரு கிலோ பொடி வரும், நீ மாற்றுவதற்கு முன்னால் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். கணக்குப் பார்த்தவருக்கு இதைவிட நல்ல முதல் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அவன் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து எனக்கும் எழுதுங்கள்.